மூன்று பெட்டிகளும் ஒரு விலைச்சீட்டும்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலரில் வீடியோ கேம் பற்றிக் கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சூரிய சக்தி, செயற்கைக்கோள், ரோபோ என்று எழுதாமல் விளையாட்டுப் பெட்டியைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? காரணம் இருக்கு. நாம் தனித்தனித் தாளாகப் படிக்கிற மைக்ரோபிராசசர், மெமரி, பவர் சப்ளை, டெலிவிஷன், போதாக்குறைக்குத் தொழில் மேலாண்மை, இத்தனையும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருப்பது வீடியோ கேம் கன்சோலில்தான். அதுவும் நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலைக்குள் அடக்க வேண்டும் என்ற கட்டாயத்தோடு! நல்ல பொருளை எத்தனை செலவானாலும் செய்துவிடலாம். குறிப்பிட்ட விலைக்குள் செய்வதுதான் பொறியாளர் வேலை.

அதனால் 1994 முதல் 1996 வரை சந்தைக்கு வந்து ஒன்றோடொன்று மோதிய மூன்று கன்சோல்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சேகா கம்பெனியின் சாட்டர்ன், சோனியின் பிளேஸ்டேஷன், நின்டென்டோவின் நின்டென்டோ 64. பழைய மெஷின்களை ஏன் எடுத்தாய் என்று கேட்டால், அந்தப் போட்டி முடிந்துவிட்டது, முடிவு தெரியும், உள்ளே என்ன சிப் இருந்தது என்பதும் தெரியும். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பழகுவதுதானே நல்ல பயிற்சி!

1. களத்தில் இருந்தவர்கள்

முதலில் கொஞ்சம் பின்கதை. நின்டென்டோ 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் ஃபேமிகாம் என்ற கன்சோலை 14,800 யென்னுக்கு வெளியிட்டது. அதே நாளில் சேகாவும் தன் முதல் கன்சோலான எஸ்.ஜி.-1000-ஐ வெளியிட்டது. அன்றே ஆரம்பித்த போட்டி இது. நம் நாட்டில் 'டி.வி. வீடியோ கேம்' என்ற பெயரில் பல பிராண்டுகளில் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்கள்தான். நம் அண்ணன்மார், சித்தப்பாமார் மரியோ ஆடியது அந்த நகல்களில்தான்.

சோனி இந்தத் தொழிலுக்கு வெளி ஆள். நின்டென்டோவின் சூப்பர் ஃபேமிகாமுக்கு ஒலி சிப் செய்து கொடுத்த கம்பெனி அது. இரண்டும் சேர்ந்து சி.டி. ரோம் பொருத்திய கன்சோல் செய்வதாக ஏற்பாடு. 1991 ஜூனில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாளே நின்டென்டோ, தான் ஃபிலிப்ஸ் கம்பெனியோடு சேரப்போவதாக அறிவித்தது! சபையில் வைத்து மூக்குடைத்த மாதிரி ஆயிற்று. சோனியில் அந்த வேலையை முன்னின்று நடத்திய கென் குட்டராகி என்ற பொறியாளர் விடவில்லை. சோனி தனியாகவே கன்சோல் செய்யட்டும் என்று மேலிடத்தில் வாதாடி ஒப்புதல் வாங்கினார். அப்படிப் பிறந்ததுதான் பிளேஸ்டேஷன்.

மூன்றும் வெளிவந்த தேதியும் விலையும் இதோ:

சாட்டர்ன் – ஜப்பான் 22.11.1994, 44,800 யென், அமெரிக்கா 11.5.1995, 399 டாலர்.
பிளேஸ்டேஷன் – ஜப்பான் 3.12.1994, 39,800 யென், அமெரிக்கா 9.9.1995, 299 டாலர்.
நின்டென்டோ 64 – ஜப்பான் 23.6.1996, 25,000 யென். அமெரிக்கா செப்டம்பர் 1996, 199 டாலர் 99 சென்ட்.

2. ஒரே ஒரு எண்

1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஈ-3 என்ற வீடியோ கேம் கண்காட்சி முதல்முறையாக நடந்தது. சாட்டர்ன் செப்டம்பரில்தான் வரும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். சேகாவோ, "இன்றே கடைக்கு வந்துவிட்டது, விலை 399 டாலர்" என்று அறிவித்து அதிர்ச்சி கொடுத்தது. சோனியின் முறை வந்தபோது அதன் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, "299" என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். கைதட்டல் அவருக்குத்தான்.

சேகாவின் அவசரத்தால் வந்த நஷ்டங்களையும் பாருங்கள். சரக்கு குறைவாக இருந்ததால் சில கடைகளுக்கு மட்டுமே கொடுத்தார்கள். கிடைக்காத கடைக்காரர்கள் கோபப்பட்டார்கள். கேம் தயாரிக்கும் வெளிக் கம்பெனிகள் செப்டம்பரைக் கணக்கு வைத்து வேலை செய்துகொண்டிருந்தன. மே மாதம் அவர்களிடம் கேம் தயாராக இல்லை. பந்தி போட்டாச்சு, சாதம் இன்னும் வடிக்கவில்லை என்கிற நிலைமை.

ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். உண்மையிலேயே சாட்டர்ன் 100 டாலர் அதிகமா? அமெரிக்காவில் அந்த 399-க்குள் 'வர்ச்சுவா ஃபைட்டர்' என்ற கேமும் சேர்ந்தே வந்தது. பிளேஸ்டேஷனுக்குக் கேம் தனியாக வாங்க வேண்டும். ஆட்டத்தை எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதைச் சேமிக்க சாட்டர்னில் உள்ளேயே 32 கிலோபைட் மெமரி இருந்தது. பிளேஸ்டேஷனுக்கு மெமரி கார்டு தனி. கேமுக்கு 50 டாலர், கார்டுக்கு 25 டாலர் என்று வைத்துக்கொண்டால்:

பிளேஸ்டேஷன்: 299 + 50 + 25 = 374 டாலர்
சாட்டர்ன்: 399 டாலர்

வித்தியாசம் 25 டாலர்தான்! மேடையில் சொன்ன நூறு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஆடும்போது இருபத்தைந்தாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் கடையில் நிற்கிற அப்பாவின் கண்ணில் படுவது 399, 299 என்ற இரண்டு சீட்டு மட்டுமே. விலைச்சீட்டு பொய் சொல்லவில்லை. முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

3. மூடியைத் திறந்தால்

சாட்டர்ன்: ஹிட்டாச்சி கம்பெனியின் எஸ்.எச்.-2 பிராசசர் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 28.6 மெகாஹெர்ட்ஸ். படம் வரைய வி.டி.பி.-1, வி.டி.பி.-2 என்று இரண்டு சிப். ஒலிக்குத் தனியாக ஒரு 68000 வகைப் பிராசசர். பிரதான ரேம் 2 மெகாபைட். இரட்டை மாட்டு வண்டி மாதிரி வேகமாகப் போகும் என்று தோன்றும். ஆனால் இரண்டு பிராசசருக்கும் பிரதான மெமரிக்குப் போக ஒரே பஸ்தான். ஒன்று மெமரியைத் தொடும்போது மற்றது காத்திருக்கணும். வேலையைச் சரியாகப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த புரோகிராமருக்குத்தான் இரண்டின் பலனும் கிடைத்தது. மற்றவர்களுக்கு இரண்டாவது மாடு வண்டியில் கட்டியும் இழுக்கவில்லை.

இன்னொரு சிக்கல். மற்ற கன்சோல்கள் முப்பரிமாண உருவங்களை முக்கோணங்களால் கட்டின. சாட்டர்ன் நாற்கோணங்களால் கட்டியது. மற்ற மெஷினுக்குச் செய்த கேமை இதற்கு மாற்றுவது பெரிய வேலையாகிவிட்டது. ஆனால் தட்டையான இரு பரிமாணக் கேம்களில், குறிப்பாகச் சண்டைக் கேம்களில், சாட்டர்ன்தான் சிறப்பு. பின்னணிக் காட்சிக்கென்றே வி.டி.பி.-2 இருந்ததே! பின்னாளில் ஜப்பானில் 4 மெகாபைட் கூடுதல் ரேம் கார்ட்ரிட்ஜ் வந்தபோது ஆர்கேடு மெஷினுக்குச் சமமாகவே அவை ஓடின.

பிளேஸ்டேஷன்: ஆர்-3000 வகைப் பிராசசர் ஒன்றே ஒன்று, சுமார் 33.9 மெகாஹெர்ட்ஸ். பிரதான ரேம் 2 மெகாபைட், படத்துக்கு 1 மெகாபைட், ஒலிக்கு 512 கிலோபைட். பிராசசர் சிப்புக்குள்ளேயே முப்பரிமாணக் கணக்குப் போட ஒரு துணைப் பகுதி. எளிமையான அமைப்பு. 'சி' மொழியில் எழுதத் தேவையான லைப்ரரிகளை சோனியே கொடுத்ததால் புதிய கம்பெனிகளும் தைரியமாக இறங்கின. குறையும் உண்டு. எந்த உருவம் முன்னே, எது பின்னே என்று புள்ளி புள்ளியாகப் பார்க்கும் வசதி இல்லை. முனைகளை முழு எண்ணாக வட்டமாக்கி வைப்பதால் உருவங்கள் லேசாக நடுங்கும். அந்தக் கால பிளேஸ்டேஷன் கேம் ஒன்றைப் பாருங்கள். சுவரும் தரையும் நெளிவது நன்றாகத் தெரியும்.

நின்டென்டோ 64: மூன்றிலும் பலசாலி. 93.75 மெகாஹெர்ட்ஸ் ஓடும் ஆர்-4300 வகைப் பிராசசர். சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனி வடிவமைத்த 62.5 மெகாஹெர்ட்ஸ் துணைப் பிராசசர். 4 மெகாபைட் ரேம்பஸ் மெமரி. பிளேஸ்டேஷனில் வந்த நடுக்கமும் நெளிவும் இதில் இல்லை. ஆனால் பரப்பின் மேல் ஒட்டும் படத்தை, அதாவது டெக்ஸ்சரை, வைத்துக்கொள்ளும் இடம் வெறும் 4 கிலோபைட். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி ஒட்டியதால் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. ஒலிக்கெனத் தனிச் சிப்பும் கிடையாது.

ஆக, மெகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து மதிப்பெண் போட முடியாது. சங்கிலியின் பலம் அதன் மெலிந்த வளையத்தில் என்று பட்டறை வகுப்பில் படித்தோமே, அதேதான். சாட்டர்னுக்கு மெலிந்த வளையம் பஸ். நின்டென்டோவுக்கு அந்த 4 கிலோபைட். பிளேஸ்டேஷனுக்கு அடுத்து நான் சொல்லப்போகிற சி.டி. வேகம்.

4. கார்ட்ரிட்ஜா, சி.டி.யா?

இதுதான் இந்தப் போட்டியின் முக்கியக் கட்டம். சாட்டர்னும் பிளேஸ்டேஷனும் சி.டி.க்கு மாறிவிட்டன. நின்டென்டோ மட்டும் ரோம் சிப் வைத்த கார்ட்ரிட்ஜை விடவில்லை.

கொள்ளளவைப் பாருங்கள். ஒரு சி.டி.யில் சுமார் 650 மெகாபைட். நின்டென்டோ 64 கார்ட்ரிட்ஜில் 4 மெகாபைட்டில் ஆரம்பித்து மிஞ்சிப் போனால் 64 மெகாபைட். 'சூப்பர் மரியோ 64' முழுவதும் 8 மெகாபைட்டுக்குள் அடங்கியது. ஒரு சி.டி.யில் அதை எண்பது முறை எழுதலாம்!

வேகத்தில் கதை தலைகீழ். அந்தச் சி.டி. டிரைவ் இரட்டை வேகம், அதாவது வினாடிக்கு 300 கிலோபைட். பிளேஸ்டேஷனின் 2 மெகாபைட் ரேமை முழுசாக நிரப்ப எத்தனை நேரம்?

2 × 1024 ÷ 300 = 6.8 வினாடி

லென்ஸ் நகர்ந்து இடம் தேடும் நேரம் தனி. ஒவ்வொரு கட்டத்துக்கும் 'லோடிங்' என்று திரையில் எழுதிக் காத்திருக்க வைத்தது இதனால்தான். கார்ட்ரிட்ஜ் வினாடிக்கு 5 மெகாபைட் கொடுத்தால்கூட நின்டென்டோவின் 4 மெகாபைட்டும் ஒரு வினாடிக்குள் நிரம்பிவிடும். சுவிட்சைப் போட்டதும் ஆட்டம்தான்.

இனி பணம். சி.டி. அச்சடிக்க ஓரிரு டாலர் போதும். கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது சிலிக்கான் சிப். அதன் செலவு பல மடங்கு. மேலும், மாஸ்க் ரோம் செய்யப் பல வாரம் ஆகும். கேம் கம்பெனி முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லி ஆர்டர் கொடுத்து, பணமும் போடணும். குறைவாகச் சொல்லிவிட்டால் பண்டிகை சீசனில் சரக்கு இல்லை; கூடுதலாகச் சொல்லிவிட்டால் குடோனில் தூங்கும். சி.டி. அப்படியில்லை. விற்க விற்க அச்சடிக்கலாம்.

நின்டென்டோவுக்கு இது தெரியாமலில்லை. கார்ட்ரிட்ஜ் வேகமானது, குழந்தைகள் கையில் கீறல் விழாது, திருட்டு நகல் எடுப்பது கடினம் என்பது அவர்கள் தரப்பு வாதம். அது நியாயமான வாதம்தான். சி.டி. கேம்கள் நகலாகிச் சந்தை சந்தையாக விற்றதை உலகமே பார்த்தது. கார்ட்ரிட்ஜ் தயாரிப்பு நின்டென்டோவின் கையில் இருந்ததால் வருமானமும் அவர்களுக்கே என்பது இன்னொரு காரணம்.

ஆனால் இதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 'ஃபைனல் ஃபேன்டஸி' என்ற புகழ்பெற்ற கேம் வரிசையைச் செய்த ஸ்குவேர் கம்பெனி, அதுவரை அந்த வரிசையை நின்டென்டோவுக்கே செய்து வந்தது. அதன் ஏழாவது பாகத்துக்கு நிறைய வீடியோக் காட்சி தேவைப்பட்டது. 1996-இல் அவர்கள் சோனி பக்கம் போனார்கள். 1997 ஜனவரி 31 அன்று ஜப்பானில் அந்தக் கேம் வந்தபோது மூன்று சி.டி.க்களில் வந்தது. கார்ட்ரிட்ஜில் அதைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. கூட இருந்தவன் எதிரணிக்குப் போன இழப்பு எந்த விலைச்சீட்டிலும் தெரியாது.

5. சுமைகூலிக் கணக்கு

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பார்கள். கன்சோல் தொழிலே இந்தப் பழமொழி மேல்தான் நடக்குது! பெட்டியைக் குறைந்த லாபத்துக்கோ, சில சமயம் நஷ்டத்துக்கோகூட விற்பார்கள். பிறகு விற்கிற ஒவ்வொரு கேமிலும் உரிமைத்தொகையாக எடுத்துவிடுவார்கள். அதனால் வாங்குகிறவன் பெட்டி விலையை மட்டும் ஒப்பிட்டால் கால் பணத்தை மட்டும் ஒப்பிட்டவன் ஆகிறான்.

எங்க அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனவங்க இல்லை. ஆனால் மிக்சி வாங்கப் போனபோது கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால் மூணு கேள்வி கேட்டாங்க: "ஜார் எத்தனை கூட வருது? வாஷர் போனா தனியாக் கிடைக்குமா? ரிப்பேர்னா எங்க கொண்டுவரணும்?" நம் மேலாண்மைப் புத்தகத்தில் ஆயுட்காலச் செலவு என்று ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தை நான் படித்தபோது புதுசாக எதுவும் தெரியவில்லை. அம்மா கேட்டதற்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்பது மட்டும் புதுசு.

சரி, அம்மாவின் முறைப்படியே கணக்குப் போடுவோம். 1996 மே மாதம் பிளேஸ்டேஷனும் சாட்டர்னும் அமெரிக்காவில் 199 டாலருக்கு இறங்கின. செப்டம்பரில் நின்டென்டோ 64-உம் அதே விலையில் வந்தது. அதாவது மூன்று பெட்டியும் ஒரே விலை! (அன்றைய மதிப்பில் சுமார் ஏழாயிரம் ரூபாய்.) இனி வித்தியாசம் எல்லாம் சுமைகூலியில்தான்.

பிளேஸ்டேஷன் சி.டி. பொதுவாக 40 முதல் 50 டாலர். நின்டென்டோ கார்ட்ரிட்ஜ் 60 முதல் 70 டாலர். கணக்குக்காக 50 என்றும் 65 என்றும் வைத்துக்கொள்வோம். பிளேஸ்டேஷனுக்கு மெமரி கார்டு 25. நின்டென்டோவில் மரியோ 64 போன்ற பல கேம்கள் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும் என்பதால் அதற்குக் கார்டு போடவில்லை. கேம்களின் எண்ணிக்கை 'க' என்றால்:

பிளேஸ்டேஷன் = 199 + 25 + 50க
நின்டென்டோ 64 = 199 + 65க

இரண்டும் சமமாகும் இடம், அதாவது பிரேக் ஈவன் பாயிண்ட்: 25 = 15க; க = 1.67. ஒரே ஒரு கேமோடு நிறுத்துகிறவனுக்கு நின்டென்டோ மலிவு. இரண்டாவது கேம் வாங்கினதுமே பிளேஸ்டேஷன் மலிவு. பத்து கேம் வாங்கினால் 724-க்கு 849. வித்தியாசம் 125 டாலர். கிட்டத்தட்ட இன்னொரு பெட்டியின் மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு நெருங்கிவிட்டது!

இத்தோடு முடித்தால் பிளேஸ்டேஷனே மலிவு என்று தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் ஒரு வீட்டில் நாலு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்டென்டோ 64-இன் முகப்பிலேயே நாலு கன்ட்ரோலர் சொருகலாம். பிளேஸ்டேஷனில் இரண்டுதான், நாலு பேர் ஆட மல்டிடேப் என்ற தனிச் சாதனம் வேண்டும். கூடுதல் கன்ட்ரோலர் மூன்று, ஒன்றுக்கு 30 வீதம் 90. மல்டிடேப் 40 என்று வைப்போம்.

பிளேஸ்டேஷன் = 199 + 25 + 90 + 40 + 50க = 354 + 50க
நின்டென்டோ 64 = 199 + 90 + 65க = 289 + 65க

சமமாகும் இடம்: 65 = 15க; க = 4.33. ஆக, நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் நாலு கேம் வரை வாங்கினால் நின்டென்டோதான் மலிவு! அதே பெட்டிகள், அதே விலைகள். வீடு மாறினதும் விடை மாறிவிட்டது. 'எது மலிவு?' என்ற கேள்வியே அரைகுறைக் கேள்வி. 'யாருக்கு மலிவு?' என்று கேட்டால்தான் கணக்குக்குப் பிடி கிடைக்கும்.

6. நம்ம ஊர் பிளக்கில் சொருகினால்?

இந்தப் பெட்டிகள் ஜப்பானில் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்காவில் 120 வோல்ட்டுக்கும் செய்தவை. நம் வீட்டில் 230 வோல்ட். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்ததை ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் பவர் சப்ளை அங்கேயே காலி. முதல் பிளேஸ்டேஷனில் பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருந்தது. நின்டென்டோ 64-இல் அது தனியாகக் கழற்றி மாட்டும் பகுதி, 3.3 வோல்ட், 12 வோல்ட் டி.சி. கொடுக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும். ரிப்பேர் செய்கிற நமக்கு இது பெரிய வசதி.

டி.வி. கதை வேறு. அன்று ஜப்பானும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. முறை: வினாடிக்கு 60 ஃபீல்டு, 525 வரி. அன்று நம் நாடும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் பால் முறை: 50 ஃபீல்டு, 625 வரி. 60-ஐ நம்பி எழுதிய கேமைத் திருத்தாமல் 50-இல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஐரோப்பாவில் பல கேம்கள் அப்படித்தான் விற்றன. மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு. ஒரே பெட்டி, ஒரே கேம், ஆனால் வாங்கியவருக்குக் கிடைத்தது ஆறில் ஐந்து பங்கு வேகம். இதையும் செலவுக் கணக்கில்தான் சேர்க்கணும்.

உழைப்பு எப்படி என்றும் பார்க்கணும். ஆரம்ப கால பிளேஸ்டேஷன்களில் லென்ஸ் நகரும் பிளாஸ்டிக் பாகம் சூட்டிலும் உராய்விலும் தேய்ந்து, படம் விட்டு விட்டு ஓடும். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆடியவர்கள் ஏராளம்! பின் வந்த மாடல்களில் சோனி அதைத் திருத்தியது. சாட்டர்னின் உள் மெமரி ஒரு சின்ன நாணய வடிவ பேட்டரியை நம்பி இருந்தது. பேட்டரி தீர்ந்தால் சேமித்ததெல்லாம் போச்சு. கார்ட்ரிட்ஜில் அசையும் பாகமே கிடையாது. அதனால்தான் பழைய நின்டென்டோ 64 பெட்டிகள் பல இன்னும் ஓடுகின்றன.

7. முடிவு என்ன ஆயிற்று?

உலக அளவில் விற்ற எண்ணிக்கை: பிளேஸ்டேஷன் 10 கோடியே 24 லட்சத்துக்கு மேல். நின்டென்டோ 64 சுமார் 3 கோடியே 29 லட்சம். சாட்டர்ன் ஒரு கோடிக்கும் கீழே. அதில் பாதிக்கு மேல் ஜப்பானில் மட்டும்.

சேகா தோற்றது திறமைக் குறைவால் அல்ல. சாட்டர்னில் சிப் அதிகம். போட்டிக்காக விலையைக் குறைக்கணும், ஆனால் செய்கிற செலவு குறைய மறுக்கிறது. சோனியோ குறைந்த சிப்போடு ஆரம்பித்து, ஒவ்வொரு புது மாடலிலும் சிப்களைச் சேர்த்து, போர்டைச் சுருக்கி, தேவையில்லாத சாக்கெட்டை நீக்கிச் செலவை இறக்கிக்கொண்டே வந்தது. 1997 மார்ச்சில் விலை 149 டாலருக்கு வந்தபோதும் தாக்குப்பிடிக்க முடிந்தது இதனால்தான். வடிவமைப்பு மேசையில் கூடுதலாக வைத்த ஒரு சிப், லட்சம் பெட்டி செய்தால் லட்சம் சிப். பி.சி.பி. வரைகிறபோது நாம் நினைவில் வைக்கவேண்டிய விஷயம்.

அதற்காக அதிகம் விற்றதே சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கட்டை விரலால் எந்தத் திசைக்கும் மெதுவாகவோ வேகமாகவோ நகர்த்தும் அனலாக் ஸ்டிக்கை, பெட்டியோடு வரும் கன்ட்ரோலரிலேயே ஆரம்பம் முதல் கொடுத்தது நின்டென்டோ 64. சோனி 1997-இல்தான் அதைத் தன் கன்ட்ரோலருக்குக் கொண்டுவந்தது. முப்பரிமாண உலகத்துக்குள் எப்படி நடப்பது, கேமராவை எங்கே வைப்பது என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்தியது மரியோ 64. விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இன்றைக்கு நம் கையில் இருக்கிற கேம் பேடில் அதன் ரேகை இருக்கு.

8. ஜெயித்தவரும் மறந்த பாடம்

2000-இல் பிளேஸ்டேஷன் 2 வந்தது. அமெரிக்காவில் 299 டாலர். டி.வி.டி. படமும் ஓடும் என்பதால் ஒரே செலவில் இரண்டு சாதனம். அது 15 கோடிக்கு மேல் விற்றது. சேகா 1998-இல் டிரீம்காஸ்ட்டைக் கொண்டுவந்தும் எழுந்திருக்க முடியாமல், 2001 ஜனவரி 31 அன்று கன்சோல் தயாரிப்பை விட்டு விலகுவதாக அறிவித்தது.

ஆனால் 2006-இல் அதே சோனி பிளேஸ்டேஷன் 3-ஐ 499, 599 டாலர் என்று இரண்டு மாடலாக வெளியிட்டது. புதுமையான, சிக்கலான பிராசசர், புரோகிராமர்கள் திணறினார்கள். சாட்டர்ன் கதைதான், பெயர் மட்டும் வேறு! அதே மாதம் நின்டென்டோ, சக்தி குறைந்த வீ என்ற பெட்டியை 249 டாலர் 99 சென்ட்டுக்கு விற்று 10 கோடியைத் தாண்டியது. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499, பிளேஸ்டேஷன் 4 399 என்று மறுபடி அதே நூறு டாலர் இடைவெளி. இந்த முறையும் குறைந்த விலைக்காரரே முந்தினார். எக்ஸ்பாக்ஸில் அந்தக் கூடுதல் நூறுக்குள் ஒரு கேமரா சாதனம் இருந்தது. எல்லாருக்கும் அது தேவைப்படவில்லை.

9. நமக்கு இதில் என்ன?

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் சம்பளம் வாங்கப்போகிறவர்கள். அந்தச் சம்பளத்தில் தவணைக்கு போனோ, பைக்கோ, வீட்டுக்கு ஃப்ரிட்ஜோ வாங்கப்போகிறோம். பெரியவர்கள் நம்மிடம்தான் கேட்பார்கள்: "நீதான் படிச்ச பிள்ளையாச்சே, எது நல்லதுன்னு சொல்லு." தப்பாகச் சொன்னால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற வசதி எல்லா வீட்டிலும் கிடையாது. அதனால் எதை வாங்கும் முன்னும் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்:

(அ) விலைச்சீட்டுக்குள் எது எது அடக்கம், எது தனி?
(ஆ) வாங்கின பிறகு மாதா மாதம் அது என்ன தின்னும்? (மலிவான பிரின்டரும் அதன் மையும் நல்ல உதாரணம்.)
(இ) மெலிந்த வளையம் எது?
(ஈ) பழுதானால் எந்தப் பாகத்தை மட்டும் மாற்ற முடியும்?
(உ) யார், எத்தனை பேர், எப்படிப் பயன்படுத்தப் போகிறார்கள்?

இதே ஐந்து கேள்வியை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, பொருளைச் செய்கிறவராகவும் நாம் ஒருநாள் கேட்கப்போகிறோம். அப்போது ஒரு சிப்பைக் குறைத்தாலும் சரி, கூட்டினாலும் சரி, அந்தக் காசைக் கொடுக்கப்போவது கடையில் நின்று சீட்டைப் பார்க்கிற யாரோ ஒருவருடைய அப்பாவும் அம்மாவும்தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.